செக்பாக்ஸ் டிக் ஏன் சொன்னபடி கேட்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்க்டாப் ஃபார்மில் செக்பாக்ஸ் வைப்பது அரை நிமிட வேலை. அதற்குப் பிறகு வருகிற தொல்லைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும்: டிக் எந்த நொடியில் மாறியது, அதை மாற்றியது ஆளா, நம் நிரலா. கீழே உள்ளவை முக்கியமாக விண்டோஸ் ஃபார்ம்ஸை (டெஸ்க்டாப் ஃபார்ம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் டாட்நெட் கருவி) வைத்து எழுதியவை. அதே வேலைக்கான மற்ற கருவிகளான டபிள்யூபிஎஃப், க்யூட்டி, ஸ்விங், டிகிண்டர் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். நடுவில் கோடு போட்டிருப்பதை நிரலில் சேர்த்து ஒரே சொல்லாக அடியுங்கள்.

டிக் இருக்கிறதா என்று பார்க்க செக்டு பண்பு போதுமா, செக்-ஸ்டேட் வேண்டுமா?

சாதாரண இரண்டு நிலை செக்பாக்ஸ் என்றால் செக்டு போதும். அது ட்ரூ அல்லது ஃபால்ஸ், அவ்வளவுதான். த்ரீ-ஸ்டேட்டை ட்ரூ ஆக்கியிருந்தால் கதை மாறுகிறது, ஏனென்றால் அரைகுறை நிலையிலும் (இன்டிடர்மினேட்) செக்டு ட்ரூ என்றே பதில் சொல்லும். 'ஆம்' என்று யாரும் சொல்லாத ஒன்று டேட்டாபேஸில் 'ஆம்' என்று போய் உட்கார்வது இப்படித்தான். மூன்று நிலை இருந்தால் செக்-ஸ்டேட்டை மட்டும் பாருங்கள்.

டபிள்யூபிஎஃப்பில் பண்பின் பெயர் இஸ்-செக்டு. அது நல் (மதிப்பே இல்லை என்ற நிலை) என்பதையும் ஏற்கிற பூலியன் (ட்ரூ, ஃபால்ஸ் வகை) என்பதால் சி ஷார்ப்பில் அப்படியே இஃப் உள்ளே போட்டால் கம்பைலர் ஒப்புக்கொள்ளாது. ட்ரூவோடு ஒப்பிட்டு எழுதுங்கள், நல் வந்தால் அது தானாக ஃபால்ஸ் பக்கம் போய்விடும்.

பழைய விஷுவல் பேசிக் 6 (விபி 6) நிரலைப் புதிதாக மாற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே செக்பாக்ஸின் வேல்யூ 0, 1, 2 என்று மூன்று எண்கள். டிக் போட்டால் 1. ஆனால் அந்த மொழியில் ட்ரூ என்பது -1. அதனால் வேல்யூவை ட்ரூவோடு ஒப்பிட்ட வரி ஒரு நாளும் நிறைவேறியிருக்காது, அது நிறைவேறாததைச் சமாளிக்க வேறு எங்காவது ஒட்டு வேலையும் நடந்திருக்கும். மாற்றி எழுதும்போது அந்த ஒட்டையும் தேடிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சரியாகிவிட்ட வரியும் ஒட்டும் சேர்ந்து புதுக் குழப்பம் பண்ணும்.

செக்டு-சேஞ்ச்டு ஈவென்டில் எழுதுவதா, கிளிக்கில் எழுதுவதா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஈவென்ட் என்பது ஏதாவது நடந்ததும் ஃபார்ம் தருகிற அழைப்பு, அப்போது ஓடுவதற்கு நாம் எழுதுகிற நிரல்தான் ஹேண்ட்லர். செக்டு-சேஞ்ச்டு மதிப்பு மாறும்போதெல்லாம் ஓடும். மாற்றியது மவுஸா, ஸ்பேஸ் விசையா, உங்கள் நிரலில் உள்ள ஒரு வரியா என்று அது பார்க்காது. கிளிக், பயனர் செக்பாக்ஸை இயக்கும்போது ஓடும், நிரலில் செக்டு பண்புக்கு மதிப்பு கொடுத்தால் ஓடாது. கிளிக் ஹேண்ட்லர் ஓடுகிற நேரத்தில் டிக் ஏற்கெனவே புதிய நிலைக்கு வந்துவிட்டிருக்கும் (கிளிக் செய்தால் டிக்கைத் தானாக மாற்றும் ஆட்டோ-செக் பண்பு ட்ரூவாக இருக்கிற வரை), அதனால் அங்கே படிக்கிற மதிப்பை நம்பலாம்.

ஆக, திரையில் ஒன்றை மறைப்பது, காட்டுவது, எண்ணிக்கையைப் புதுப்பிப்பது மாதிரி 'யார் மாற்றினாலும் நடக்க வேண்டியது' செக்டு-சேஞ்ச்டில் போகட்டும். டேட்டாபேஸில் எழுதுவது, 'நிச்சயமாகவா?' என்று பெட்டி காட்டுவது மாதிரி 'ஆள் மாற்றினால் மட்டும் நடக்க வேண்டியது' கிளிக்கில் இருக்கட்டும். இதைக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்: ஃபார்ம் திறக்கிறது, லோடில் (ஃபார்ம் திறக்கும்போது ஓடும் ஈவென்ட்) பழைய பதிவை எடுத்து டிக் போடுகிறீர்கள், செக்டு-சேஞ்ச்டு ஓடுகிறது, அது அதே பதிவைத் திரும்ப டேட்டாபேஸில் எழுதுகிறது. பயனர் எதையும் தொடவில்லை, ஆனாலும் 'கடைசியாகத் திருத்திய நேரம்' இன்றைக்கு மாறிவிட்டது. பார்க்கத் திறந்தவர் பெயர் திருத்தியவர் பெயராகப் பதிவாகிவிட்டது.

இரண்டையும் ஒரே ஹேண்ட்லரில் வைத்தே ஆக வேண்டும் என்றால் 'ஏற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு பூலியன் மாறி வைத்து, லோடு தொடங்கும்போது ட்ரூ, முடியும்போது ஃபால்ஸ், ஹேண்ட்லரின் முதல் வரியில் அது ட்ரூ என்றால் திரும்பிவிடு. ஃபால்ஸ் ஆக்குவதை ஃபைனலி பகுதியில் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) எழுதுங்கள். நடுவில் பிழை வந்து அந்த மாறி ட்ரூவாகவே நின்றுவிட்டால், அதற்கப்புறம் எந்த டிக்கும் வேலை செய்யாது, காரணமும் சீக்கிரத்தில் கண்ணில் படாது.

மற்ற இடங்களிலும் இதே பிரிவு உண்டு, பெயர்தான் வேறு. க்யூட்டியில் (அங்கே ஈவென்டுக்கு சிக்னல் என்று பெயர்) டாகிள்டு சிக்னல் யார் மாற்றினாலும் வரும், கிளிக்டு சிக்னல் செட்-செக்டு என்று நிரல் மாற்றினால் வராது. ஸ்விங்கில் செட்-செலக்டட் அழைத்தால் ஐட்டம்-லிஸனர் எழும், ஆக்‌ஷன்-லிஸனர் எழாது. டிகிண்டரில் கமாண்டாகக் கொடுத்த ஃபங்ஷன், மாறியின் மதிப்பை நிரலில் மாற்றினால் ஓடாது. எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு அப்புறம் எழுத ஆரம்பியுங்கள்.

டபிள்யூபிஎஃப்பில் விண்டோ திறக்கும்போதே நல் பிழை வந்து விழுகிறது. நான் எதையும் கிளிக் செய்யவில்லையே?

எக்ஸ்ஏஎம்எல்லில் (விண்டோவின் அமைப்பை எழுதும் கோப்பு) இஸ்-செக்டு ட்ரூ என்று எழுதி, அதே இடத்தில் செக்டு ஈவென்டையும் கட்டியிருப்பீர்கள். கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துக் கட்டுப்பாடுகளை உருவாக்கும்போதே அந்த ஈவென்ட் ஓடிவிடும். ஹேண்ட்லர் தேடுகிற டெக்ஸ்ட்பாக்ஸ் கீழே இருந்தால் அது அப்போது பிறந்தே இருக்காது. டிக்கை லோடட் ஈவென்டில் போடுங்கள், அல்லது ஹேண்ட்லரின் தொடக்கத்தில் இஸ்-லோடட் பார்த்துத் திரும்புங்கள். பைண்டிங் (கட்டுப்பாட்டையும் தரவையும் தானாக இணைப்பது) வைத்து எழுதினால் இந்தச் சிக்கலே வராது என்பார்கள், உண்மைதான், ஆனால் ஒரே ஒரு செக்பாக்ஸுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

செக்டு-லிஸ்ட்-பாக்ஸில் மூன்று டிக் போட்டால் 'தேர்ந்தெடுத்தவை: 2' என்று காட்டுகிறது. எண்ணத் தெரியாதா அதற்கு?

எண்ணத் தெரியும், நீங்கள் கொஞ்சம் முன்னால் கேட்டுவிட்டீர்கள். ஐட்டம்-செக் ஈவென்ட் டிக் மாறுவதற்கு முன்பு ஓடுவது. 'மாற்றப் போகிறேன், தடுக்க வேண்டுமானால் இப்போதே சொல்' என்பதற்காக வைத்த ஈவென்ட் அது. அந்த நொடியில் செக்டு-ஐட்டம்ஸ் தொகுப்பில் பழைய நிலைதான் இருக்கும். டிக் போடும்போது ஒன்று குறைவாகவும், எடுக்கும்போது ஒன்று கூடுதலாகவும் தெரிவது அதனால்தான்.

மாறிய பிறகு ஓடுகிற ஈவென்ட் இந்தக் கட்டுப்பாட்டில் இல்லை. லிஸ்ட்-வியூவில் ஐட்டம்-செக், ஐட்டம்-செக்டு என இரண்டும் உண்டு, இங்கே முதலாவது மட்டும்தான். வழி இரண்டு. ஈவென்டோடு வருகிற நியூ-வேல்யூவைப் பார்த்து, செக்டு என்றால் இருக்கிற எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுவது, இல்லையென்றால் கழிப்பது. அல்லது எண்ணுகிற வேலையை பிகின்-இன்வோக்கில் கொடுத்துத் தள்ளிப்போடுவது. அது வரிசையில் காத்திருந்து, டிக் மாறி முடிந்த பிறகு ஓடும். நான் இரண்டாவதைத்தான் எழுதுவேன், படிக்கிறவருக்குக் குழப்பம் குறைவு. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டரிலேயே (ஃபார்ம் உருவாகும்போது முதலில் ஓடும் பகுதி) டிக் போட்டால் விண்டோவின் ஹேண்டில் (விண்டோஸ் அதற்குத் தரும் அடையாளம்) அப்போது உருவாகியிருக்காது, பிகின்-இன்வோக் பிழை கொடுத்துவிடும். டிக் போடும் வேலையை லோடுக்குக் கொண்டுபோங்கள்.

அதே பட்டியலில் ஒரு முறை கிளிக் செய்தால் டிக் விழவில்லை, இரண்டாவது முறைதான் விழுகிறது.

செக்-ஆன்-கிளிக் பண்பு இயல்பாக ஃபால்ஸ். ட்ரூ ஆக்குங்கள், முடிந்தது.

செலக்டட்-ஐட்டம்ஸைச் சுற்றி வந்தேன், ஒன்றுதான் கிடைக்கிறது.

செலக்டட் என்பது நீல நிறத்தில் தெரிகிற வரி, செக்டு என்பது டிக். உங்களுக்கு வேண்டியது செக்டு-ஐட்டம்ஸ். அரைகுறை நிலையில் உள்ளவையும் அதில் சேர்ந்தே வரும். எல்லா டிக்கையும் எடுக்க வேண்டும் என்றால் அந்தத் தொகுப்பை ஃபார்-ஈச்சில் சுற்றிக்கொண்டே மாற்றாதீர்கள். 0 முதல் ஐட்டம்ஸ் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவு வரை சாதாரண லூப் போட்டு செட்-ஐட்டம்-செக்டு அழையுங்கள்.

கிரிட்டில் டிக் போட்டு சேவ் செய்தால் கடைசியாகத் தொட்ட வரி மட்டும் பதிவாகவில்லை.

இதில் நானே நன்றாக மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்துக்கு வருகைப் பதிவு ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். பெயர்ப் பட்டியல், பக்கத்தில் டிக், மேலே டூல்ஸ்ட்ரிப்பில் (பட்டன்கள் வரிசையாக இருக்கும் பட்டை) சேவ் பட்டன். வந்தவர்களுக்கு டிக் போட்டு சேவ் அழுத்த வேண்டும். பட்டியலில் கடைசியாக இருந்த ஒருவர் மட்டும் மாதம் முழுக்க வராதவராகவே பதிவாகிக்கொண்டிருந்தார். அவர் தினமும் வருகிறார், டிக்கும் தினமும் போடுகிறார்கள், திரையில் டிக் தெரிகிறது, ரிப்போர்ட்டில் மட்டும் இல்லை. டேட்டாபேஸ், க்வெரி, தேதி வடிவம் என்று இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் பதிவு போடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது: மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டே வருகிறார், கடைசி டிக் போட்ட கையோடு நேராக சேவுக்குப் போகிறார்.

டேட்டா-கிரிட்-வியூவில் டிக் அடித்ததும் அந்தக் கட்டம் 'திருத்தத்தில் இருக்கிறது' என்ற நிலைக்குப் போகிறது, கட்டத்தை விட்டு வெளியே போகும்போதுதான் மதிப்பு உள்ளே இறங்கும். அடுத்த வரியில் டிக் போட்டால் முந்தைய வரி தானாக இறங்கிவிடும். சாதாரண பட்டனை அழுத்தினாலும் ஃபோகஸ் நகர்வதால் இறங்கிவிடும். டூல்ஸ்ட்ரிப் பட்டன் ஃபோகஸை எடுத்துக்கொள்வதில்லை, கன்ட்ரோல் எஸ் மாதிரி மெனு விசையும் அப்படியே. அதனால் கடைசிக் கட்டம் திருத்தத்திலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது.

சேவின் முதல் வரியில் கிரிட்டின் எண்ட்-எடிட்டை அழைத்தால் இது சரியாகிவிடும், பைண்டிங்-சோர்ஸ் இருந்தால் அதன் எண்ட்-எடிட்டையும் அடுத்து அழையுங்கள். டிக் போட்ட உடனே மொத்தத் தொகை மாற வேண்டும் என்பது மாதிரித் தேவை இருந்தால், கரன்ட்-செல்-டர்ட்டி-ஸ்டேட்-சேஞ்ச்டு என்ற நீளப் பெயருள்ள ஈவென்டைப் பிடித்து, இஸ்-கரன்ட்-செல்-டர்ட்டி ட்ரூவா என்று பார்த்து, கமிட்-எடிட் அழையுங்கள். அப்புறம் செல்-வேல்யூ-சேஞ்ச்டு அந்த நொடியே ஓடும். மதிப்பைப் படிக்கும்போது இன்னொன்றும் உண்டு: டேட்டா சோர்ஸ் இல்லாத கிரிட்டில் யாரும் தொடாத கட்டத்தின் வேல்யூ ஃபால்ஸ் அல்ல, நல். நேராக பூலியனாக மாற்றினால் பிழைதான்.

கிரிட் இல்லாத தனி செக்பாக்ஸை பைண்டிங் செய்திருந்தாலும் இதே நோய் வரும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் பைண்டிங்கில் டேட்டா-சோர்ஸ்-அப்டேட்-மோட் இயல்பாக ஆன்-வேலிடேஷன், அதாவது ஃபோகஸ் விலகினால்தான் எழுதும். செக்பாக்ஸுக்கு அதை ஆன்-ப்ராப்பர்ட்டி-சேஞ்ச்டு ஆக்கிவிடுவதுதான் நல்லது. எழுத்துப் பெட்டியில் பாதி அடித்த சொல் என்று ஒன்று உண்டு, பாதி போட்ட டிக் என்று ஒன்று கிடையாதே.

'அனைத்தும்' என்று மேலே ஒரு செக்பாக்ஸ் வைத்தேன். அதில் போட்ட டிக்கை எடுக்கவே முடியவில்லை!

தலையும் ('அனைத்தும்' செக்பாக்ஸ்) பிள்ளைகளும் (அதன் கீழ் உள்ளவை) ஒருவரையொருவர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடப்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். ஐந்து பிள்ளைகளும் டிக்கில் இருக்கின்றன. தலையின் டிக்கை எடுக்கிறீர்கள். தலையின் செக்டு-சேஞ்ச்டு முதல் பிள்ளையின் டிக்கை எடுக்கிறது. உடனே அந்தப் பிள்ளையின் செக்டு-சேஞ்ச்டு ஓடி, 'ஐந்தில் நான்கு இருக்கிறது' என்று எண்ணி, தலையை அரைகுறை நிலைக்கு மாற்றுகிறது. முதல் கேள்வியில் சொன்னது நினைவிருக்கிறதா, அரைகுறை என்றாலும் செக்டு ட்ரூ. ஃபால்ஸிலிருந்து ட்ரூவுக்கு மாறியதால் தலையின் ஈவென்ட் மறுபடியும் ஓடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் டிக் போட்டுவிடுகிறது. நீங்கள் கிளிக் செய்தீர்கள், கண் இமைப்பதற்குள் எல்லாம் பழையபடி.

தலைக்கு செக்டு-சேஞ்ச்டு வேண்டாம், கிளிக்கில் எழுதுங்கள். பிள்ளைகளை மாற்றுகிற லூப் ஓடும்போது, மேலே சொன்ன பூலியன் மாறியால் பிள்ளைகளின் ஹேண்ட்லரை வாயடைத்து வையுங்கள். லூப் முடிந்ததும் தலையின் நிலையை ஒரே ஒரு முறை கணக்கிட்டால் போதும்: ஒன்றும் இல்லை என்றால் வெறுமை, எல்லாம் இருந்தால் டிக், நடுவில் என்றால் அரைகுறை.

தலையின் த்ரீ-ஸ்டேட்டை ஃபால்ஸாகவே விடுங்கள். அப்போதும் நிரல் அதை அரைகுறை நிலைக்குக் கொண்டுபோக முடியும், பயனர் கிளிக் செய்து அங்கே போக முடியாது. நமக்கு வேண்டியதும் அதுதான், 'சிலவற்றைத் தேர்ந்தெடு' என்று கிளிக் செய்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? அரைகுறையில் இருக்கும்போது கிளிக் செய்தால் இயல்பாக வெறுமைக்குப் போகும். முழு டிக்குக்குப் போக வேண்டும் என்று விரும்பினால் ஆட்டோ-செக்கை ஃபால்ஸ் ஆக்கி, நிலையை நீங்களே கிளிக்கில் வையுங்கள்.

ஃபார்மில் இருபது செக்பாக்ஸ் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப் எழுத வேண்டுமா?

வேண்டாம், கை வலிக்கும். பேனலின் கன்ட்ரோல்ஸ் தொகுப்பிலிருந்து செக்பாக்ஸ் வகையை மட்டும் வடிகட்டிச் சுற்றுங்கள். அந்தத் தொகுப்பு நேரடிப் பிள்ளைகளை மட்டும்தான் கொடுக்கும், உள்ளே குரூப்பாக்ஸில் இருப்பவை வராது. அதற்குத் தன்னைத்தானே அழைக்கிற சின்ன ஃபங்ஷன் தேவை. வருகிற வரிசை திரையில் தெரிகிற வரிசையாக இருக்கும் என்று எண்ணாதீர்கள், டேப்-இண்டெக்ஸ்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

எது எது என்று அடையாளம் காண செக்பாக்ஸின் டெக்ஸ்டை நம்பாதீர்கள். யாராவது எழுத்துப்பிழை திருத்தினாலோ மொழி மாற்றினாலோ பழைய பதிவுகள் எல்லாம் அநாதை. டேக் பண்பில் அந்தத் தேர்வின் அடையாள எண்ணை வைத்து அதைப் படியுங்கள்.

டிகிண்டரில் லூப் போட்டு செக்பட்டன் உருவாக்குகிறவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மாறி வேண்டும், அந்த மாறிகளை ஒரு லிஸ்டிலோ டிக்‌ஷனரியிலோ பிடித்து வைக்கவும் வேண்டும். ஃபங்ஷன் முடிந்ததும் மாறி அழிந்துவிட்டால் டிக்குக்கும் மதிப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும். கமாண்டில் லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) கொடுத்தால் லூப் மாறியை அதன் இயல்பு மதிப்பாக உள்ளே கட்டிவிடுங்கள். மறந்தால் எதைக் கிளிக் செய்தாலும் கடைசி ஆளின் பெயரே வரும்.

தேர்வுகளை டேட்டாபேஸில் எப்படி வைப்பது?

இரண்டு மூன்று நிலையான தேர்வுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூலியன் ஃபீல்டு, யோசிக்கவே வேண்டாம். டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் வடிவம் மட்டும் மாறும். எஸ்க்யூலைட்டில் பூலியனுக்குத் தனி வகை இல்லை, 0, 1 என்று போகும். மைஎஸ்க்யூஎல்லில் பூலியன் என்று எழுதினால் அது சின்ன முழு எண்தான். எஸ்க்யூஎல் சர்வரின் பிட் வகை 0, 1, நல் மூன்றையும் ஏற்கும், நாட் நல் போட மறக்காதீர்கள். ஆக்சஸில் ஆம்/இல்லை ஃபீல்டு 'ஆம்' என்பதை -1 என்று வைக்கிறது, அதனால் 1-க்குச் சமமா என்று தேடினால் ஒன்றும் வராது, 0 அல்லாதது என்று தேடுங்கள்.

தேர்வுகள் கூடிக்கொண்டே போகும் என்றால் தனி டேபிள்: ஒரு பக்கம் ஆளின் எண், மறுபக்கம் தேர்வின் எண், டிக் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சேவ் செய்யும்போது அந்த ஆளின் பழைய வரிகளை நீக்கிப் புதியவற்றைச் சேர்ப்பது எளிது, இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனில் (எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது) இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

சிலர் பிட் கணக்கில் வைப்பார்கள். மின்னஞ்சல் 1, குறுஞ்செய்தி 2, அழைப்பு 4, அஞ்சல் 8 என்று வைத்தால், மின்னஞ்சலும் அழைப்பும் தேர்ந்தெடுத்தவருக்கு 5. ஒரே எண்ணில் அடங்கிவிடுவது அழகுதான், அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புக்கு நானும் பயன்படுத்துவேன். ஆனால் 'அழைப்பு கேட்டவர்கள் யார்' என்று தேடும்போது சாதாரண இண்டெக்ஸ் உதவாது, கொடுத்த எண்களைப் பின்னால் மாற்றவும் முடியாது. காற்புள்ளி போட்டு ஒரே எழுத்துச் சரமாக வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். 1-ஐத் தேடினால் 11-உம் 21-உம் சேர்ந்து வரும்.

முதல் டிக்கை எடுத்தால் அதன் கீழ் உள்ளவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

எடுக்காதீர்கள், அவற்றை முடக்கி வையுங்கள், அதாவது எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். கை தவறி எடுத்தவர் திரும்ப டிக் போட்டால் பழைய தேர்வுகள் அப்படியே இருக்கும். முடங்கிய செக்பாக்ஸின் செக்டு இன்னும் ட்ரூ என்றே சொல்லும் என்பதால், சேவ் செய்யும்போது 'மேல் டிக்கும் இருக்கிறதா' என்று சேர்த்துப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவிட வேண்டும். மற்ற டிக்குகளை நிரலில் எடுத்துவிடட்டுமா?

அதற்குத்தான் ரேடியோ பட்டன் இருக்கிறது. சதுரத்தைப் பார்த்தவுடன் 'பல போடலாம்' என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

குறைந்தது ஒரு டிக்காவது இருக்க வேண்டும் என்று எப்படிக் கட்டாயப்படுத்துவது?

கடைசி டிக்கை எடுக்கவிடாமல் தடுக்கிறார்கள் சிலர். அது எரிச்சல், ஏனென்றால் 'அ'வை எடுத்துவிட்டு 'ஆ'வைப் போட நினைக்கிறவருக்கு முதல் கிளிக்கே வேலை செய்யாது. சேவ் அழுத்தும்போது பார்த்து, எரர்-ப்ரொவைடர் மூலம் அந்தக் குரூப்பாக்ஸின் பக்கத்தில் காட்டினால் போதும்.

செக்பாக்ஸுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

டிக் போட்டால் என்ன நடக்கும் என்பதை நேராக எழுதுங்கள். 'அறிவிப்புகளை அனுப்ப வேண்டாம்' என்று எழுதினால், டிக் இல்லை என்றால் அனுப்பு, டிக் இருந்தால் அனுப்பாதே என்று பயனர் தலைகீழாக யோசிக்க வேண்டும், நிரலில் நீங்களும் எங்காவது ஒரு நாட் போட மறப்பீர்கள். எழுத்தைத் தனி லேபிளாக வைக்காமல் செக்பாக்ஸின் டெக்ஸ்டிலேயே எழுதுங்கள், அப்போதுதான் எழுத்தைக் கிளிக் செய்தாலும் டிக் விழும். எழுத்தில் '&' குறி வேண்டுமென்றால் இரண்டு முறை அடிக்க வேண்டும், ஒன்று மட்டும் அடித்தால் அது குறுக்குவிசைக்கான அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும்.

பைத்தானில் க்யூட்டி பயன்படுத்துகிறேன். ஸ்டேட்-சேஞ்ச்டில் வருகிற மதிப்பை ட்ரூவோடு ஒப்பிட்டால் எப்போதும் ஃபால்ஸ்.

அங்கே வருவது எண்: 0 வெறுமை, 1 அரைகுறை, 2 டிக். பைத்தானில் ட்ரூ என்பது 1-க்குச் சமம், 2-க்கு அல்ல. பைக்யூட்டி 6-இல் வந்த எண்ணை செக்-ஸ்டேட் ஈனமோடு (enum, பெயரிட்ட மதிப்புகளின் வகை) நேராக ஒப்பிட்டாலும் பொருந்தாது, எண்ணை ஈனமாக மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு நிலைதான் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், டாகிள்டு சிக்னலைப் பிடியுங்கள், அது நேராக ட்ரூ, ஃபால்ஸ் கொடுக்கும். மூன்று நிலையும் வேண்டும், க்யூட்டி 6.7 அல்லது அதற்குப் பிந்தையது கையில் இருக்கிறது என்றால், செக்-ஸ்டேட்-சேஞ்ச்டு என்ற புது சிக்னல் ஈனமாகவே கொடுத்துவிடுகிறது.